ஓதம் பிடித்த குளியலறைச் சுவர்: பெயின்ற் வாங்குவதற்கு முன்

சில ஆண்டுகளுக்கு முன், மன்னார்ப் பெருநிலப்பரப்பிலுள்ள ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்தார். வீட்டை மந்திரிக்கவேண்டும் என்றுதான் முதலில் சொன்னார். போனபின் நேரே குளியலறைக்குக் கூட்டிச் சென்று சுவரைக் காட்டினார்.

"பாதர், மூண்டு நத்தாருக்கு மூண்டு தரம் பெயின்ற் அடிச்சுப்போட்டன். பங்குனி வரமுந்தி எல்லாம் பொருக்குப் பொருக்காய் விழுந்துபோகுது. பிறகு கறுப்பாய்ப் படருது. ஆரோ செய்வினை செய்துபோட்டினம் எண்டு அயலுக்குள்ள கதைக்கினம்."

மூன்றாம் தடவை பெயின்ற் வாங்கியது காப்பை அடகு வைத்த காசில். வீட்டில் தொய்வுக்காரப் பிள்ளை ஒன்றும் இருந்தது.

சுவரின் உட்பக்கத்தைப் பார்த்துவிட்டு வெளியே சென்று பின்பக்கத்தைப் பார்த்தேன். சுவரோடு ஒட்டி ஐந்தாறு வாழைகள் செழிப்பாக நின்றன. குளிக்கும் தண்ணீர் முழுவதும் அந்தப் பாத்திக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. வாழைக்கு மண் அணைத்து அணைத்து, வெளி நிலம் குளியலறைத் தரையைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டது. செய்வினை எதுவும் இல்லை. ஒவ்வொரு நாளும் அவர்களே அந்தச் சுவருக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதே முறைப்பாட்டைப் பல கிராமங்களில் கேட்டுவிட்டேன். புதிதாகக் கட்டிய வீட்டிலும் கேட்கிறேன். இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கூரையின்றி மழையில் நனைந்து, திரும்பிவந்து திருத்திய பழைய வீட்டிலும் கேட்கிறேன். ஆகவே இதனைச் சற்று விரிவாக எழுதுவது பயனுள்ளது என்று எண்ணுகிறேன். சொல்லவேண்டிய அடிப்படை ஒன்றுதான்: பெயின்ற் உரிவதும் பூஞ்சணம் பிடிப்பதும் நோய் அல்ல, நோயின் அறிகுறிகள். நோய் தண்ணீர். தண்ணீர் எவ்வழியாக வருகிறது என்று கண்டுபிடித்து மறிக்காமல் அடிக்கும் ஒவ்வொரு வாளிப் பெயின்றும் வீண் செலவே.

சுவருக்குள் நடப்பது என்ன?

விவசாயிகளுக்கு இதை விளங்கப்படுத்துவது இலகு. உவர் நிலத்தைப் பார்த்திருப்பீர்கள். மாரியில் அங்கு எதுவும் தெரியாது. வெயில் எறிக்கத் தொடங்கியதும் நிலத்தின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். அடியிலிருக்கும் ஈரம் மண்ணின் நுண்ணிய துளைகள் வழியாக மேலே ஏறுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல. மேலே வந்த நீர் ஆவியாகிப் போய்விடும். அது கரைத்துக்கொண்டு வந்த உப்பு போகாமல் அங்கேயே தங்கிவிடும்.

சீமெந்துக் கல்லும் செங்கல்லும் சாந்துப் பூச்சும் இதேபோன்று துளைகள் நிறைந்தவை. நிலத்து ஈரம் சுவரில் ஏறும்போது மண்ணிலுள்ள உப்பையும், கட்டும்போது சேர்த்த மணலிலும் தண்ணீரிலும் இருந்த உப்பையும் கரைத்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கிறது. அங்கே பெயின்ற் ஒரு தோல்போல மறித்து நிற்கிறது. நீர் அந்தத் தோலின் பின்னால் தேங்குகிறது. உப்பு அங்கே மணிகளாக உறைந்து பருத்து, பெயின்றைச் சுவரிலிருந்து தள்ளுகிறது. முதலில் கொப்புளம், பின்னர் வெடிப்பு, பின்னர் பொருக்கு. விலை கூடிய தடித்த பெயின்ற் அடித்தவர்களின் சுவரிலேயே பெரிய பெரிய பொருக்குகள் விழுவதன் காரணம் இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. புதுச் சீமெந்துப் பூச்சு கடுமையான காரத்தன்மை உடையது. அது காயுமுன் எண்ணெய்ப் பெயின்ற் அடித்தால், காரமும் எண்ணெயும் ஈரமும் சேர்ந்து சவர்க்காரம்போல் ஆகிவிடும். சவர்க்காரம் செய்வதும் இதே முறையில்தான். அப்படிப்பட்ட பெயின்ற் கையில் ஒட்டும், பிசுபிசுக்கும், பின் கழன்றுவிடும். வீட்டுத்திட்டப் பணம் கட்டம் கட்டமாக வருவதால் அடுத்த கட்டத்தைப் பெறுவதற்காக அவசரப்பட்டுப் பூசி, உடனே பெயின்ற் அடித்த பல வீடுகளில் இது நடந்திருக்கிறது.

பூஞ்சணம் என்பது என்ன?

பூஞ்சணத்தின் வித்துக்கள் எங்கும் காற்றில் மிதந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை ஒழிக்க முடியாது. ஆனால் விதை இருந்தால் மட்டும் பயிர் முளைக்காது அல்லவா? ஈரம் வேண்டும், உணவு வேண்டும். குளியலறைச் சுவரில் படியும் சவர்க்கார அழுக்கும், உடம்பு அழுக்கும், தூசியும், பெயின்றிலுள்ள பசையும் அதற்கு உணவு. ஈரம் இரண்டொரு நாள் காயாமல் நின்றால் போதும், முளைத்துவிடும். உணவை முற்றாக அகற்ற எம்மால் இயலாது. ஈரத்தை மட்டுமே எம்மால் கட்டுப்படுத்த முடியும்.

இதனை வெறும் அழகுப் பிரச்சினையாக எண்ணிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்குச் சுவாச நோய்க்குறிகளும் தொய்வும் சுவாசத் தொற்றுக்களும் கூடுதலாக ஏற்படுகின்றன என்று கூறப்பட்டுள்ளது. தொய்வுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் கறுத்த சுவர் ஒரு மருத்துவப் பிரச்சினையுமாகும். சுவரைத் திருத்துவது மருந்துக்குப் பதில் ஆகாது. மருந்தை நிறுத்தாமல் சுவரையும் திருத்தவேண்டும்.

உப்பா, பூஞ்சணமா, புகைக்கரியா?

வைத்தியர் முதலில் நோயை இனங்காண்பார். நாமும் அவ்வாறே செய்வோம்.

வெள்ளையாக, பஞ்சுபோல் அல்லது தூள்போல் இருந்து, ஒரு துளி தண்ணீர் பட்டதும் கரைந்துபோனால் அது உப்பு. கறுப்பு, பச்சை அல்லது மண்ணிறப் புள்ளிகளாகப் படர்ந்து, புழுங்கல் மணம் வீசினால் அது பூஞ்சணம். அடுப்படிக்குப் பக்கத்தில் உள்ள குளியலறையானால் புகைக்கரியாகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் கிணற்றுக்குப் போடும் வெளிற்றும் தூளைக் கரைத்த நீரில் ஒரு துளியைக் கறுப்பின்மேல் விடுங்கள். சில நிமிடங்களில் நிறம் மங்கினால் பூஞ்சணம். மங்காவிட்டால் கரி அல்லது அழுக்கு.

இந்த வேறுபாடு முக்கியமானது. உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி, கூட்டி அள்ளி வெளியே கொட்டவேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். பூஞ்சணத்தையோ காய்ந்தபடி சுரண்டக் கூடாது. வித்துக்கள் பறந்து வீடெங்கும் பரவும், சுரண்டுபவரின் நெஞ்சுக்குள்ளும் போகும். அதை நனைத்தே துடைக்கவேண்டும்.

தண்ணீர் வரும் நான்கு வழிகள்

முதலாவது, நிலத்திலிருந்து ஏறும் ஓதம். கறை தரையிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போகும். பெரும்பாலும் ஒரு மீற்றர் உயரத்துக்குள் நின்றுவிடும். மேல் விளிம்பில் உப்பு வரி தெரியும். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஓதத்தைத் தடுக்கும் படை போடாத வீடுகளிலும், போட்டிருந்தும் வெளியே மண் அதற்கு மேலாகக் குவிந்துவிட்ட வீடுகளிலும் இது வரும்.

இரண்டாவது, மழைத் தண்ணீர். கறை மேலிருந்து கீழ்நோக்கி வழியும். அல்லது வாடைக் காற்றுக்கு முகங்கொடுக்கும் சுவரில் மட்டும் இருக்கும். உடைந்த ஓடு, இடைவெளிவிட்ட சீற், பீலி இல்லாத தாழ்வாரம், சுவரின் தலைப்பகுதியில் உள்ள வெடிப்பு என்பன காரணங்கள். தாழ்வாரத்திலிருந்து விழும் தண்ணீர் நிலத்தில் அடித்துத் தெறித்தும் சுவரின் அடியை நனைக்கும்.

மூன்றாவது, நாம் பாவிக்கும் தண்ணீர். குளிக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் கறை இருந்தால் அது தெறிக்கும் தண்ணீர். சுவருக்குள் குழாய் பதித்திருந்தால், மழையோ வெயிலோ எக்காலமும் காயாத ஓர் ஈரத்திட்டு தெரியும். தாங்கியை நிரப்பி, எல்லாக் குழாய்களையும் பூட்டி, இரவு நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

நான்காவது, காற்றிலுள்ள ஈரம். கறை சுவரின் மேற்பகுதியிலும் மூலைகளிலும் புள்ளி புள்ளியாக இருக்கும். பூச்சு உறுதியாகவே இருக்கும். யன்னல் இல்லாத, கதவு எப்போதும் சாத்தியிருக்கும் சிறு குளியலறைகளில் இது வரும்.

எந்த வழி என்று முடிவுகட்ட முடியாவிட்டால் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஒரு முழ அகலமான பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு நாள் அந்தக் குளியலறையைப் பாவிக்கும்போது அதில் தண்ணீர் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் பொலித்தீனின் உட்பக்கத்தில், அதாவது சுவர்ப் பக்கத்தில், வியர்வை கண்டிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் மட்டும் ஈரம் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம்.

தண்ணீரை மறித்தல்

இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு மண்வெட்டி போதும்.

வெளியே சுவரோடு குவிந்த மண்ணை வெட்டி அகற்றுங்கள். வெளி நிலம் உள் தரையைவிட ஆகக் குறைந்தது ஒரு சாணாவது தாழ்வாக இருக்கவேண்டும். சுவரிலிருந்து விலகிச் செல்லும் சரிவும் இருக்கவேண்டும். அத்திவாரத்தின் அடி தெரியும் அளவுக்குத் தோண்டிவிடாதீர்கள். அது வீட்டுக்கே ஆபத்து.

குளிக்கும் தண்ணீரை ஒரு குழாய் அல்லது சீமெந்து வாய்க்கால் மூலம் சுவரிலிருந்து ஆகக் குறைந்தது மூன்று மீற்றருக்கு அப்பால் கொண்டுசெல்லுங்கள். வாழையை அங்கே வையுங்கள். கழிவு நீரில் வாழை வளர்ப்பது நல்ல பழக்கம். சுவரோடு ஒட்டி வளர்ப்பதுதான் கூடாது. கிணற்றின் பக்கமாகவும் அந்தத் தண்ணீர் ஓடக் கூடாது.

தாழ்வாரத்துக்குப் பீலி போட வசதியில்லாதவர்கள், தண்ணீர் விழும் கோட்டில் சரளைக்கல் அல்லது உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பரப்பிவிடுங்கள். தெறிப்பது குறையும்.

குளியலறையின் உள்தரை தண்ணீர் வெளியேறும் துவாரத்தை நோக்கிச் சரிவாக இருக்கிறதா என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மூலையில் தேங்கினால், தேங்கும் இடத்தை மட்டும் சீமெந்தால் உயர்த்திச் சரிவாக்கினால் போதும். தரையும் சுவரும் சேரும் மூலையில் வெடிப்பு இருந்தால் அதனையும் அடைக்கவேண்டும். தண்ணீர் களவாகப் புகும் வாசல் பெரும்பாலும் அதுதான்.

காற்றுக்கு வழி செய்யுங்கள். சுவரின் மேற்பகுதியில், எதிரெதிர்ச் சுவர்களில், துவாரமுள்ள சீமெந்துக் கல் ஒவ்வொன்று பதித்தால் மறைவும் கெடாது, காற்றும் ஓடும். குளித்து முடிந்ததும் கதவைத் திறந்துவிடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஈரத் துணிகளை உள்ளே காயப்போடாதீர்கள்.

பூஞ்சணத்தை அகற்றுதல்

முதலில் சவர்க்காரத் தண்ணீரால் சுவரை நனைத்து, தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் மருந்தின் வலு அழுக்கிலேயே தீர்ந்துவிடும். பின்னர் பிளாஸ்ரிக் வாளியில் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 15 கிராம், வெளிற்றும் தூளைக் கரைத்து அரை மணி நேரம் அடைய விடுங்கள். மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்துச் சுவரில் பூசி, 15 நிமிடம் விட்டு நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். நமுத்துக் கட்டிபட்ட பழைய தூளில் வலு இராது.

இங்கே சில எச்சரிக்கைகள். வெளிற்றும் தூளோடு மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ வினாகிரியையோ எலுமிச்சம் புளியையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அமோனியா சேர்ந்த துப்புரவுத் திரவங்களையும் சேர்க்கக் கூடாது. அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதலாம் உலகப் போரில், 1915இல், போர்முனையில் நச்சு வாயுவாக விடப்பட்டது இதே குளோரின்தான். ஒரு சிறிய குளியலறைக்குள் அது ஓர் ஆளைக் கொல்லக்கூடியது. கதவு யன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டு, கண்ணையும் மூக்கையும் மறைத்து வேலை செய்யுங்கள். தொய்வு உள்ளவர்களும் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த நேரம் வெளியே இருக்கட்டும்.

கூரையில் அஸ்பெஸ்ரஸ் சீற் இருந்தால், அதில் பிடித்த பூஞ்சணத்தைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ சுரண்டவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெருந்தீங்கு செய்யும். ஈரத் துணியால் மெதுவாகத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். இந்த மருந்து மேலே தெரியும் பூஞ்சணத்தைக் கொன்று நிறத்தை வெளுக்கும்; அவ்வளவே. சுவர் ஈரமாகவே இருந்தால் அடுத்த மாரிக்கு முன்பே அது திரும்பி வரும்.

பொருக்கையும் கெட்ட பூச்சையும் அகற்றுதல்

உரியும் பெயின்றைச் சிறிது நனைத்துக்கொண்டு சுரண்டுங்கள். இலங்கையில் பெயின்றிலுள்ள ஈயத்தின் அளவுக்கு 2013இல்தான் சட்டப்படியான எல்லை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயின்றில், முக்கியமாக எண்ணெய்ப் பெயின்றில், ஈயம் இருக்கக்கூடும். அத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே கீழே ஒரு சாக்கை விரித்து, விழும் பொருக்கைச் சேர்த்துக் கட்டி அகற்றுங்கள். கோழி கொத்தும் இடத்திலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள், எரிக்கவும் வேண்டாம்.

பின்னர் சுத்தியலால் சுவரை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். வெற்றுப் பானைபோல் ஒலிக்கும் இடங்களில் பூச்சு சுவரைவிட்டுக் கழன்றிருக்கிறது. அவற்றையும், உப்பேறி மாவாக உதிரும் இடங்களையும், கறை தெரியும் எல்லைக்கு மேல் ஓர் அடிவரை கொத்தி எடுத்துவிடுங்கள். உப்பு அந்தப் பழைய பூச்சுக்குள்தான் குடியிருக்கிறது. அதற்கு மேல் புதுப்பூச்சுப் பூசினால் புதுப்பூச்சும் கெடும்.

இனிப் பொறுமை வேண்டும். கல் தெரியும்படி சுவரைத் திறந்தபடியே காயவிடவேண்டும். ஓர் அங்குலக் கனமான சுவருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கட்டிட வேலையில் ஒரு பழைய கணக்கு. எமது சோழகக் காற்றிலும் வெயிலிலும் இது விரைவுபடும். ஆனாலும் சில கிழமைகளில் முடிகிற காரியம் அல்ல. காயும்போது வெளியே வரும் உப்பை அவ்வப்போது காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளிவிடுங்கள்.

காய்ந்தபின் மீளப் பூசுவதற்கு ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு நீறிய சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்ற கலவை நல்லது. சுண்ணாம்பு சேர்ந்த பூச்சு வெடிப்பது குறைவு. ஈரத்தை வெளியேவிட்டுத் தானும் காயும். கடற்கரை மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். மணலையும் தண்ணீரையும் நாவில் வைத்துப் பார்த்தே கண்டுகொள்ளலாம். பூசியபின் ஒரு கிழமை நனைத்துப் பதப்படுத்தி, அதன்பின் ஆகக் குறைந்தது நான்கு கிழமை காயவிடுங்கள்.

எதை அடிப்பது?

குளிக்கும் தண்ணீர் நேரடியாகப் படும் பகுதிக்கு, தரையிலிருந்து நாலைந்து அடி உயரம்வரை, சீமெந்துப் பால் பூசி இழைத்த மேற்பரப்பே போதுமானது. வசதியுள்ளவர்கள் ரைல் பதிக்கலாம். ஆனால் நிலத்து ஓதத்தை மறிக்காமல் ரைல் பதித்தால் ஓதம் அதன் பின்னால் ஏறி, ரைலுக்கு மேலே வெளிப்படும்.

மிகுதிச் சுவருக்கு எனது பரிந்துரை எமது மூதாதையர் அடித்த சுண்ணாம்பு வெள்ளையே. யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடுகளும் தேவாலயங்களும் சுண்ணாம்புச் சாந்தால் கட்டி, சுண்ணாம்பால் வெள்ளையடிக்கப்பட்டவை. சுண்ணாம்பு தோலாகப் படிந்து சுவரின் மூச்சை அடைக்காது. ஈரம் அதனூடாக வெளியேறிவிடும். அதன் காரத்தில் பூஞ்சணம் முளைக்காது. காற்றுப்பட்டு அந்தக் காரம் காலப்போக்கில் குறைந்துவிடும். ஆகையால்தான் எமது பெற்றோர் ஆண்டுதோறும் வெள்ளையடித்தார்கள். அது பண்டிகைக்கான அலங்காரம் மட்டுமல்ல, சுவருக்கான மருந்துமாகும்.

நீறிய சுண்ணாம்பை ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு, பழைய நுளம்பு வலையால் வடித்து, பசுப்பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். சுவரை நனைத்துவிட்டு, மெல்லியதாக, நாளுக்கு ஒரு தடவையாக மூன்று அல்லது நான்கு தடவை அடியுங்கள். அடிக்கும்போது வெள்ளை தெரியாது. மறுநாள் காய்ந்தபின்தான் தெரியும். தெரியவில்லையே என்று தடிப்பாக அடித்தால் உதிர்ந்துவிடும். ஒட்டுவதற்காகக் கஞ்சியோ மாப்பசையோ சேர்க்கும் வழக்கம் உண்டு. குளியலறையில் அது வேண்டாம். பூஞ்சணத்துக்குச் சோறு போடுவதாக முடியும். உப்புச் சேர்ப்பதும் வேண்டாம்; உப்பு ஈரத்தை இழுக்கும். பழைய பெயின்றின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. பெயின்றை முற்றாக அகற்றியபின்னரே அடிக்கவேண்டும்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வை போகலாம். உடனே ஆகக் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்து, பின் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சுட்ட சுண்ணாம்பை வீட்டில் நீற்றுவதானால் தண்ணீருக்குள் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

பெயின்றுதான் அடிப்பேன் என்பவர்கள் நன்கு காய்ந்த சுவரில், காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சு ஒன்று பூசி, அதன் மேல் தண்ணீரில் கரையும் பெயின்றை அடியுங்கள். ஓதத்தைத் தடுக்கும் என்று விற்கப்படும் விலையுயர்ந்த பெயின்றை ஈரச் சுவரின் உட்பக்கத்தில் அடிப்பதால் தண்ணீர் நின்றுவிடாது. அது இன்னும் உயரத்துக்கு ஏறும்.

எப்போது செய்வது?

நாம் செய்யும் பெரிய பிழை இதில்தான் இருக்கிறது. நத்தாருக்கு வீடு வெள்ளையாக இருக்கவேண்டும் என்பது எமது ஆசை. சைவ மக்களுக்குத் தீபாவளி. ஆனால் ஐப்பசி முதல் மார்கழி வரை எமக்கு மாரி காலம். வடக்கிலும் கிழக்கிலும் சுவர்கள் ஆண்டிலேயே கூடுதலாக நனைந்திருக்கும் நாட்கள் அவை. அந்த ஈரத்தை உள்ளே வைத்துப் பெயின்றால் மூடிவிடுகிறோம். மாரி முடிந்து வெயில் ஏறியதும் உள்ளேயிருந்த ஈரம் வெளியே வரப் பார்க்கிறது, பொருக்கு விழுகிறது. அந்தத் தாய் பங்குனி வரமுந்தி என்று சொன்னதன் காரணம் இதுவே.

ஆகவே வேலையைப் பயிர்போலக் காலம் பார்த்துச் செய்யுங்கள். பெரும்போக அறுவடை முடிந்து கையில் சிறிது பணம் இருக்கும் மாசி, பங்குனியில் மண்ணை அகற்றி, வாய்க்காலை மாற்றி, பூச்சைக் கொத்தி எடுங்கள். சித்திரை முதல் ஆனி வரை சுவர் சோழகத்தில் காயட்டும். ஆடியில் பூசுங்கள். மடுத் திருவிழாவுக்குப் போய்வந்த பின், ஆவணிக் கடைசியிலோ புரட்டாதியிலோ வெள்ளை அடியுங்கள். நத்தாருக்கும் சுவர் வெள்ளையாகவே இருக்கும்.

உறவினர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ இன்னமும் இருப்பவர்களுக்கு ஒரு சொல். பிறர் சுவருக்குப் பெருஞ்செலவு செய்யுமுன் வீட்டுக்காரரோடு பேசி, வாடகையில் கழிப்பதா என்று தீர்த்துக்கொள்ளுங்கள். மண்ணை அகற்றுவது, கதவைத் திறந்துவிடுவது, கழுவுவது என்பவற்றுக்கு ஒருவரிடமும் கடன்படத் தேவையில்லை.

வேதாகமத்தில் ஒரு குரு

பழைய ஏற்பாட்டில், லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்தில், சுவரில் பச்சையாகவும் சிவப்பாகவும் கறை படர்ந்த ஒரு வீட்டைப் பற்றிய சட்டம் உண்டு. வீட்டுக்காரர் குருவிடம் போய்ச் சொல்லவேண்டும். குரு வந்து பார்த்து உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. வீட்டை ஏழு நாள் பூட்டிவைத்து மீண்டும் வந்து பார்க்கவேண்டும். கறை பரவியிருந்தால் கெட்ட கற்களை அகற்றி, உட்சுவரைச் சுரண்டி, வேறு சாந்து பூசவேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய அந்தச் சட்டத்திலும் கறையின் மேல் எதையாவது பூசி மறைத்துவிடு என்று சொல்லப்படவில்லை. பார், காத்திரு, கெட்டதை அகற்று, அதன் பின் பூசு என்ற ஒழுங்கே இருக்கிறது.

அந்தத் தாயின் வீட்டில் வாழைகளை இடம் மாற்றினோம். மூத்த மகனும் தகப்பனும் இரண்டு நாளில் மண்ணை வெட்டி அகற்றினார்கள். பூச்சைக் கொத்தியபின் சுவர் அந்தக் கோடை முழுவதும் அலங்கோலமாகவே நின்றது. விருந்தினர் வந்தால் வெட்கமாக இருக்கிறது என்று அவர் இரண்டு தடவை முறையிட்டார். புரட்டாதியில் வெள்ளை அடித்தார்கள். அடுத்த பங்குனியில் நான் போனபோது அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சிறிது கறை இருந்தது. மிகுதிச் சுவர் வெள்ளையாக இருந்தது. அந்த ஆண்டு பெயின்றுக்கென்று காசு எடுக்கவில்லை. அந்தக் காசு காப்பை மீட்கப் போனது.

முகாம்களில் தறப்பாள் மறைப்புக்குள், வரிசையில் நின்று குளித்த காலத்தை எமது பெண்கள் மறக்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு தன் வீட்டில் நிம்மதியாகக் குளிக்கும் ஓர் இடம் அவர்களுக்குச் சிறிய காரியம் அல்ல. அந்த இடம் காய்ந்தும் சுத்தமாகவும் இருக்கட்டும். அதற்காகக் கடன்படுமுன், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு தடவை வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள்.